சரிவில் ஒரு துளை

“வாயைத் தொறந்து சொல்லுய்யா ஓட்வார், எண்ணெய் வருமா, வராதா?”

வாஃபிள் பலகாரத் தட்டை நீட்டியபடி கேட்டார் இயக்குநர் ஸ்வெர்ரே. வெள்ளிக்கிழமை வாஃபிளுக்கு அந்த நார்வே எண்ணெய் நிறுவனத்தின் ஸ்டவாங்கர் அலுவலகமே கூடிவிடும். இன்று எல்லோர் கண்ணும் திரையில் இருந்தது. வடகடலில் துளை போடும் மேடையிலிருந்து தகவல் வரவேண்டும்.

“அடியில என்ன இருக்குன்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம்” என்றார் ஓட்வார். தண்ணீர்தான் வரவேண்டும் என்று மனசு வேண்டிக்கொண்டது.

கடலடிப் பாறைகளைக் காட்டும் நில அதிர்வுப் படங்களைப் பார்த்துப் பார்த்தே அவர் தலை நரைத்தது. போன வருஷம்தான் வேலைக்கு வந்த ரக்னில், அதே படங்களில் ஒரு மணற்கல் அடுக்கு மேடாக வளைந்து புதைந்து கிடப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். எண்ணெய் வந்தால் பிரிவுத் தலைவர் பதவி அவளுக்கு, வராவிட்டால் இவருக்கு. ஸ்வெர்ரே வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அவள் சிரித்தாலே இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வாஃபிள் ஆறுது, சாப்பிடுய்யா.”

“வயிறு சரியில்ல.”

“வயித்தெரிச்சலா இருக்கும்!”

எல்லோரும் சிரித்தார்கள். ஓட்வாரும் சிரித்து வைத்தார்.

திரையில் தலைக்கவசத்தோடு தெர்யே தோன்றினான். மேடையில் இருக்கும் நிலவியல் நிபுணன்.

“எண்ணெய்! மணற்கல் முழுக்க எண்ணெய்!”

அறை அதிர்ந்தது. கடைசியாகக் கை தட்டியவர் ஓட்வார்.

“இன்னொண்ணு கேளுங்க! மேட்டு உச்சிக்கும் ஒரு கிளைத்துளை போட்டுப் பார்த்தோம். அங்க மணற்கல்லே இல்ல, வெறும் களிமண். ரக்னில், நீ முதல்ல குறிச்ச எடத்துல போட்டிருந்தா எல்லாரும் கையை விரிச்சிருப்போம். கடைசி நேரத்துல சரிவுக்கு மாத்தினியே, கில்லாடிம்மா நீ!”

“நம்ம புதுத் தலைவர்!” என்று அவள் கையை உயர்த்திப் பிடித்தார் ஸ்வெர்ரே.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரக்னில் நேராக ஓட்வாரிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தது. குரலைத் தாழ்த்தினாள்.

“சரிவுல போடுன்னு சொன்னதே நீங்கதான். உங்க பேரையும் போடறேன்னு எவ்வளவு கெஞ்சினேன்! பெருமை முழுக்க உனக்கே இருக்கட்டும், யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு சத்தியம் வேற வாங்கிட்டீங்க. கவலைப்படாதீங்க, சாகற வரைக்கும் சொல்லமாட்டேன்.”

ஓட்வார் ஆறிப்போன வாஃபிளை எடுத்து வாயில் திணித்துக்கொண்டார். எண்ணெய் தண்ணீருக்கு மேலே மிதந்து மேட்டு உச்சியில்தான் தேங்கும், சரிவில் துளை போட்டால் தண்ணீர்தான் வரும் என்ற தைரியத்தில் அல்லவா அவர் அந்த யோசனையைச் சொல்லியிருந்தார்!