அல்பீசியா மரத்து இருவாச்சி

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங் காட்டோரம் மழை விட்ட காலை வெளிச்சத்தில் நீர் சொட்டுகிறது. காட்டு மரங்களின் நலத்தைக் கண்காணிக்கும் சந்திரமதி, முதிய அல்பீசியா மரத்தைச் சுத்தியலால் தட்டிக் காதுகொடுக்கிறாள். தட்டிய இடமெல்லாம் வெற்றுக்குடம்போல் ஒலிக்கிறது, உள்ளே உளுத்துவிட்டது. மரமோ பள்ளிப் பிள்ளைகளின் நடைபாதைமேல் சாய்ந்து நிற்கிறது. உயரத்தில், இரை வாங்க ஒரு சிறு துளை மட்டும் விட்டுப் பொந்தின் வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு பெண் இருவாச்சிப் பறவை அடைகாக்கிறது. மரத்தைத் தின்ற நோய்தான் அதற்கு வீடும் குடைந்து கொடுத்திருக்கிறது. "குஞ்சு பறக்கிறவரைக்கும் விட்டுவைக்கக் கூடாதா மேடம்?" என்று கேட்கிறார் மரம் வெட்ட வந்த தங்கராஜு, ரம்பத்தைக் கீழே வைத்தபடி. "நானும் மேலிடத்துல கேட்டுப் பார்த்தேன். இன்னொரு காத்துக்கு இது தாங்காது லா. பொந்தோட சேர்த்து அறுத்து மெதுவா இறக்குங்க, பறவைக் காப்பகத்துல பார்த்துக்குவாங்க." "பிழைக்குமா?" அவள் பட்டையில், அறுக்க வேண்டிய மரம் என்று சிவப்புச் சாயத்தால் குறுக்குக்கோடு இழுக்கிறாள். சாயம் ஈரத்தில் வழிகிறது. அப்போது பக்கத்துக் கிளையில், அலகில் அத்திப்பழத்தோடு ஆண் இருவாச்சி வந்து அமர்கிறது. ஆட்கள் நிற்பதால் பொந்தை நெருங்காமல், தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறது. சந்திரமதி சாய டப்பாவை மூடுகிறாள். "வாங்க, கொஞ்சம் தள்ளி நிப்போம்," என்கிறாள். "அது சாப்பாடு கொடுத்துட்டுப் போகட்டும்."