எல்லாக் கோடும் முடியும் வட்டம்

“பள்ளிக்கூடத்தையும் விட்டுட்டு, நாள் பூரா அந்த லேப்டாப்பைத் தட்டி என்னத்தைக் கிழிச்சே?” என்று போன வாரம் அண்ணன் அவளிடம் கேட்டான். கேட்டதோடு விடாமல் லேப்டாப்பையும் போனையும் பிடுங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டினான்.

இன்று அவனே கம்ப்யூட்டர் முன்னால் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். அவன் கம்பெனி மென்பொருள் வெளியிலிருந்து எடுத்துப் பயன்படுத்தும் லைப்ரரிகள், அதாவது யார் யாரோ எழுதிப் பொதுவில் விட்ட நிரல்களெல்லாம், வட்டங்களும் கோடுகளுமாகத் திரையில் சிக்கிக் கிடந்தன.

“இந்தக் கண்றாவியப் பாரு. எல்லாக் கோடும் சுத்திச் சுத்தி இந்த ஒரு வட்டத்துலதான் வந்து முடியுது. கோளாறும் இதுலதான். எழுதின புண்ணியவானுக்கு மெயில் மேல மெயில் போடுறேன், பதிலே இல்ல. சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா என் வேலை போயிடும்!”

அவள் எட்டிப் பார்த்து, வட்டத்துக்குள் இருந்த நிரலின் பெயரைப் படித்தாள்.

“அவங்களுக்கு என்ன கஷ்டமோ, அண்ணா.”

“கஷ்டமாவது! திமிரு. ஒரு மெயிலைத் திறந்து பார்க்க முடியாதா?”

“லேப்டாப் உன் பீரோவுல இருந்தா, நான் எப்படிண்ணா பார்ப்பேன்?”

அண்ணன் திரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பீரோச் சாவியை அவள் கையில் வைத்துவிட்டு அறையை விட்டு வெளியேறினான்.