துண்டுக்கு வந்த சந்தேகம்

சுகந்தி அலமாரியைத் துடைத்து, பழைய காமிக்ஸ் தாள்களைத் தட்டில் விரித்துக்கொண்டிருந்தாள். ஒரு படத்தைப் பார்த்ததும், அவள் நைட்டிக்கு மேல் மானத்துக்குப் போட்டிருந்த துண்டுக்குத் தலை சுற்றியது. உடம்போடு ஒட்டிய உடுப்பில் ஒரு மாவீரன் பறக்கிறான். துண்டை முதுகில் கட்டியிருக்கிறான்.

"ஏன்க்கா, வாசலுக்கு ஆள் வந்தா முன்பக்கத்தைத்தானே மறைப்போம்?" என்று நைட்டியிடம் கேட்டது துண்டு.

"ஜட்டியையே வெளியில மாட்டியிருக்கான். அவன்கிட்ட என்னத்தைக் கேட்க," என்றது நைட்டி.

"ஊரே அவனைக் கும்பிடுதேக்கா. அப்ப நான்தான் இத்தனை நாளும் தப்பான பக்கம் கிடந்தேனா?"

நைட்டிக்கும் குழப்பம். "ஆள் வந்தா திரும்பி ஓடுறவனோ என்னமோ."

துண்டு மெல்ல முதுகுப்பக்கம் நழுவிப் பார்த்தது. காற்று சுகமாகத்தான் பட்டது.

"அம்மா, சிலிண்டர்," என்று வாசலில் குரல். சுகந்தி பதறி, நெஞ்சருகே கைவைத்துத் துண்டைத் தேடினாள். துண்டோ, முன்னுக்கு ஓடி வருவதா, இப்படியே பறந்துவிடுவதா என்று தெரியாமல் முதுகிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.