எந்த மரம் நல்லது?

குளக்கரைச் சபையில் தூக்கணாங்குருவி, "கூடு கட்ட எந்த மரம் நல்லது?" என்று கேட்டதுதான் தாமதம். "என் வேப்பமரம்தான்!" என்று காகம் கத்தியது. "என் புளியமரம்!" என்றது கொக்கு.

"இந்த மாதிரிக் கேள்விக்கு இங்கே இடமில்லை. அவரவர் மரத்தைத்தான் புகழ்வீர்கள்," என்று அதட்டினார், சபையை நடத்தும் ஆமையார்.

குருவி நகரவில்லை. "மாற்றிக் கேட்கிறேன், ஐயா. போன தடவை என் முட்டைகளைப் பாம்பு தின்றுவிட்டது. பாம்பு ஏற முடியாத மரம் எது?"

ஆமையார் சம்மதமாகத் தலையசைத்தார். காகத்துக்குத் தன் மரத்தடிப் பாம்புப் புற்று நினைவுக்கு வந்தது.

"என் மரம் வேண்டாம், தம்பி. கிணற்றுமேல் சாய்ந்த முள் ஈச்சமரத்துக்குப் போ."

"சொந்த மரத்தையே விட்டுக்கொடுத்துவிட்டாயே!" என்று சிரித்தது கொக்கு.

"கேட்டதற்குப் பதில் சொன்னது நான்தானே?" என்று காகம் நெஞ்சை நிமிர்த்தியது.