ஏழில் முடியும் எண்

கேமரா சரியாகிவிடக் கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

வந்தவன் அதற்குள் மடிக்கணினியைத் திறந்துகொண்டு தரையில் சம்மணம் போட்டுவிட்டான். வேலை தெரிந்தவனாக இருந்தான். அவளுக்கு எரிச்சலாக வந்தது.

மகள் கோகிலவாணி ஆக்லாந்திலிருந்து ஏற்பாடு செய்து அனுப்பிய ஆள். கேமராவும் அவள் மாட்டியதுதான். அப்பா பக்கவாதத்தில் விழுந்ததும் ஓடி வந்து, கட்டிலுக்கு நேர் எதிரே மாட்டிவிட்டுப் போனாள். அங்கிருந்தே பார்ப்பாள். பார்த்த கையோடு போன் வரும்.

அப்பாவைத் திருப்பிப் படுக்க வைத்தாயா? போர்வை ஏன் விலகிக் கிடக்கிறது? நீ என்ன தூங்கிவிட்டாயா?

பாசம்தான். இல்லையென்று யார் சொன்னது?

கொஞ்ச நாளாக மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கேமரா தானாக அணைந்துகொண்டது. ஒரு மணி நேரம் போல. அப்போது மட்டும் போன் வராது.

கட்டிலை ஒட்டிப் பாயை விரிப்பாள். வாயைப் பிளந்துகொண்டு, சேலை விலகுவதுகூடத் தெரியாமல், அடித்துப் போட்டதுபோலத் தூங்குவாள். அந்தத் தூக்கத்தை வைத்துத்தான் மீதி நாள் ஓடியது.

யாரோ வெளியிலிருந்து கேமராவுக்குள் புகுந்துவிட்டார்கள் என்று மகளுக்குப் பயம்.

வந்தவன் திரையில் விரலை வைத்தான்.

"வெளியாளு இல்லீங்கம்மா. நூத்தித் தொண்ணூத்திரெண்டு, நூத்தி அறுவத்தெட்டுன்னு ஆரம்பிக்குது பாருங்க. இது வூட்டு வைஃபையே ஒவ்வொரு போனுக்கும் குடுக்கற நம்பருங்க. எந்த வூட்டுக்குப் போனாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். வெளிய செல்லாது. தெனமும் இங்கிருந்துதான் யாரோ அணைக்கறாங்க."

வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

அவளுடைய போனை வாங்கிப் பார்த்தான். வைஃபை அதற்குக் கொடுத்த எண் நாலில் முடிந்தது. அணைத்த எண் ஏழில் முடிந்தது.

"வேற போனு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் நின்றுவிட்டாள்.

அப்பா பாட்டுக் கேட்கட்டும் என்று மகள் ஒரு டேப்லெட்டை விட்டுப் போயிருந்தாள். கேமராவை மாட்டிய அன்று அதில்தான் அணைத்து, போட்டு, சரிபார்த்தாள். கட்டிலில் கிடந்தபடி அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அது அவருடைய இடது கைக்கு அருகில் கிடந்தது. பேச்சு போய்விட்டது. அசைவது அந்த ஒரு கைதான்.

அவர் கண்களை இறுக மூடியிருந்தார். தூங்குகிறவர் இமை அப்படித் துடிக்காது.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டாள்.

போன் அடித்தது.

"என்னம்மா, கண்டுபிடிச்சுட்டாரா?"

அவள் வந்தவனைப் பார்த்தாள். அவன் குனிந்து வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவனும் கட்டிலைப் பார்த்திருந்தான்.

"லைன் கோளாறாமா கண்ணு. சரி பண்ண முடியாதாமா."

அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அவருக்குக் கஞ்சி புகட்டி, வாயைத் துடைத்துவிட்டாள். தானும் இரண்டு வாய் சாப்பிட்டாள். எதிரே கேமராவின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பாயை விரித்தாள்.

"நா கொஞ்சம் படுத்துக்கட்டுங்களா?"

படுத்துக் கண்ணை மூடினாள்.

கட்டிலில் போர்வை மெல்லச் சரசரத்தது.