ஷூ போட்டுவிடாத அத்தை

"இன்னிக்கும் என் புள்ளைய அழ விட்டீங்களா?"

குழந்தைகள் காப்பகத்து வாசலில் நின்று யஸ்னா கத்தினாள். உள்ளே பாயில் மூன்று வயது எலியான் ஒரு ஷூவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மூக்கொழுக விசும்பிக்கொண்டிருந்தான்.

"போட்டுக்குவான்மா. முக்கால்வாசி பழகிட்டான்" என்றாள் ஒரியெட்டா அத்தை. இக்கிக்கே என்ற அந்தக் கடலோர ஊரில் காப்பகத்துப் பெண்களைப் பிள்ளைகளும் அத்தை என்பார்கள், பெற்றவர்களும் அத்தை என்பார்கள்.

"நீங்க குனிஞ்சு போட்டுவிட்டா இடுப்பு ஒடிஞ்சிடுமா அத்தை?"

"என் இடுப்பு நல்லாத்தான் இருக்கு. அவன் தானா போட்டுக்கணும். நாம இருக்கிற ஊரு அப்படி."

"மூணு வயசுப் புள்ளைக்கு ஊரு என்ன, உலகம் என்ன!"

யஸ்னா விடவில்லை. நேரே மேலாளரிடம் போய் நின்றாள். மறுநாளே உத்தரவு வந்துவிட்டது: எலியானுக்கு மட்டும் அத்தைதான் ஷூ போட்டுவிட வேண்டும். அவனும் ராஜா மாதிரி காலை நீட்டி உட்காரப் பழகிக்கொண்டான். யஸ்னாவுக்கு ஜெயித்துவிட்ட திருப்தி.

அடுத்த வாரம் ஒரு மதியம். காப்பகத்தில் பிள்ளைகள் தூங்கும் நேரம். பிள்ளைகளின் ஷூ பாயோரம் இருக்கும்; பெரியவர்கள் தங்கள் ஷூவை வாசலில் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் வருவார்கள்.

பூமி குலுங்கியது.

மீன் சந்தையில் யஸ்னாவின் கையிலிருந்த கத்தி எகிறி விழுந்தது. ஜன்னல்கள் நொறுங்கின. சுனாமி வரப்போகிறது என்று அபாயச் சங்கு அலறியது.

"ஐயோ, காப்பகம் கடலோரத்துல இருக்கே!"

"கீழ போகாத, பைத்தியக்காரி! புள்ளைங்கள மேட்டுக்குத்தான் கூட்டிட்டு வருவாங்க!" பக்கத்துக் கடைக்காரர் அவளை மேட்டுப் பக்கம் பிடித்துத் தள்ளினார்.

ஏறினாள். வழியெல்லாம் கண்ணாடிச் சில்லு. எலியான் வெறுங்காலோடு இதில் எப்படி நடப்பான்? தானாக ஒரு ஷூகூடப் போடத் தெரியாதே!

"எலியான்! எலியான்!"

மேட்டில் ஒரு நீளக் கயிற்றைப் பிடித்தபடி பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். சிலர் இடது வலது மாற்றிப் போட்டிருந்தார்கள். ஆனால் எல்லாக் காலிலும் ஷூ இருந்தது. எலியான் காலிலும்தான், பட்டை இறுக்கி, ஒழுங்காக.

அள்ளி அணைத்துக்கொண்டு அழுதாள். "கண்ணு, நீயே போட்டுக்கிட்டியா?"

"இல்லம்மா. நான் கால நீட்டினேன். அத்தை போட்டுவிட்டாங்க."

ஒரியெட்டா பக்கத்தில்தான் நின்றாள். இடுப்பின் இரு பக்கமும் நடக்கத் தெரியாத குழந்தைகள். யஸ்னாவின் பார்வை கீழே போனது. கிழிந்த சாக்ஸிலிருந்து ரத்தம் மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஐயோ அத்தை! உங்க ஷூ எங்க?"

"வாசல்லயே கிடக்குதும்மா" என்றாள் ஒரியெட்டா, மூச்சிரைக்க. "ஒரு ஜோடி போடத்தான் நேரம் இருந்துச்சு."