இரண்டு தடவை சீவு

பண்ணையிலிருந்து வந்த வாரக் கூடையில், காது முளைத்த பந்துபோல ஒரு பச்சைக் காய் கிடந்தது. மதியம் மாமியார் சாப்பிட வருகிறார். மருமகள் அதைப் படமெடுத்துப் பண்ணையின் உதவி எண்ணுக்கு அனுப்பினாள்.

“இது என்ன காய்ங்க? எப்படிச் சமைக்கணும்? என் மாமியார் வெந்நீர் வெச்சுக் குடுத்தாக்கூட குறை சொல்வாங்க!”

உடனே பதில் வந்தது: “நூக்கோல்மா. தோலுக்கு அடியிலயும் நார் ஓடும். அது வேகவே வேகாது. ரெண்டு தடவை சீவு.”

மதியம் மாமியார் ஒரு வாய் மென்றார்.

“உப்பு, காரம் சரிதான். ஒரு தடவைதான் சீவினியா?”

“அவசரத்துல... எப்படி அத்தை கண்டுபிடிச்சீங்க?”

“ரெண்டு தடவைன்னு பதில் போட்டதே நான்தானே! போன வாரம்தான் அந்தப் பண்ணையில வேலைக்குச் சேர்ந்தேன்.” மாமியார் டம்ளரை நீட்டினார். “கொஞ்சம் வெந்நீர் கொண்டா. குறை இருக்கான்னு பாக்கலாம்.”